பத்தாயிரம் படிகளுக்கு அப்பால் தத்தர் பாதம்

சௌராஷ்டிர தேசத்துக்கு யாத்திரை புறப்படும் தமிழக அடியவர்கள் பெரும்பாலும் இரண்டு தலங்களையே மனத்தில் கொண்டு செல்கின்றனர். ஒன்று, கடற்கரையில் ஜோதிர்லிங்கமாக எழுந்தருளியிருக்கும் சோமநாதம். மற்றொன்று, கண்ணபிரான் அரசாண்ட துவாரகை. ராஜ்கோட்டிலிருந்து சோமநாதம் நோக்கிச் செல்லும் ரயில், வழியில் ஜுனாகத் என்னும் பழைய நகரில் நிற்கும். அங்கிருந்து கிழக்கே நோக்கினால், சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்த மலைக்கூட்டம் ஒன்று கண்ணில் படும். அதுதான் கிர்னார். ஜன்னல் வழியாகக் கைகூப்பிவிட்டுக் கடந்து செல்பவர்களே அதிகம். இறங்கி ஏறுபவர்களுக்கோ, வாழ்நாள் முழுவதும் மறவாத ஒரு நாளை அம்மலை அளிக்கிறது.

மகாபாரதம் ரைவதக மலை என்று குறிப்பிடுவது இதனையே என்பர். ரைவதகத்தில் நடந்த பெருவிழாவின்போதுதான் அர்ச்சுனன் சுபத்திரையைக் கண்டு மனம் பறிகொடுத்தான். ஸ்காந்த புராணத்தின் பிரபாச கண்டம், இம்மலையடிவாரத்தை வஸ்திராபத க்ஷேத்திரம் என்று போற்றி, அதன் மகிமையை விரிவாக உரைக்கிறது. இந்துக்களுக்கும் சமணர்களுக்கும் ஒருங்கே புனிதமான மலை இது. அம்பாஜி, கோரக்நாதர், தத்தாத்ரேயர் ஆகியோருக்குரிய சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இவற்றுள் கோரக்நாதர் சிகரம் 3,666 அடி உயரம் கொண்டது. குஜராத் மாநிலத்திலேயே மிக உயரமான இடம் அதுவே. அடிவாரத்திலிருந்து தத்தாத்ரேயரின் திருப்பாதம் வரை ஏறக்குறைய 10,000 கற்படிகள். ஒரு சிகரம் ஏறி, மறுபுறம் இறங்கி, மீண்டும் அடுத்த சிகரம் ஏறிச் சென்று, அதே வழியில் திரும்பிவர ஒரு முழுப் பகல் வேண்டும்.

குடும்பத்தோடும் கூட்டத்தோடும் வருபவர்கள் பலர். ஆயினும், யாருடனும் பேசாமல், கையில் ஒரு தடியும் தோளில் ஒரு பையுமாகத் தனித்து ஏறும் அடியவர்களை இம்மலையில் எந்நாளும் காணலாம். அதற்குக் காரணம் உண்டு. மலையின் முடிவில் அமர்ந்திருக்கும் குரு, தனிமையின் மேன்மையைத் தாமே எடுத்துரைத்தவர்.

நகரிலிருந்து மலையடிவாரம் செல்லும் சாலையோரத்தில் ஒரு கட்டடத்தின் உள்ளே பெரும் பாறை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி தம் 14 சாசனங்களை அதில் பொறித்து வைத்தார். அவற்றுள் இரண்டாம் சாசனத்தைத் தமிழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளின் பெயர்கள் அங்கே காணப்படுகின்றன. தம் ஆட்சி எல்லையிலும், அதற்கு அப்பாலுள்ள இந்த நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டது என்றும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நட்டதாகவும், வழிநெடுகக் கிணறுகள் வெட்டி மரங்கள் வைத்ததாகவும் மன்னர் கூறுகிறார். ஆயிரம் கல் தொலைவுக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டு அரச குலங்களின் பெயர்கள் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இம்மலைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டிருக்கின்றன.

அதே பாறையில் கி.பி. 150-ஆம் ஆண்டளவில் ருத்ரதாமன் என்னும் அரசர் வடமொழியில் ஒரு சாசனம் வெட்டுவித்தார். சந்திரகுப்த மௌரியர் காலத்தில் கட்டப்பட்ட சுதர்சன ஏரியின் கரை பெருமழையில் உடைந்துவிட, குடிமக்கள்மீது வரியோ கட்டாய வேலையோ சுமத்தாமல், தம் கருவூலப் பொருளைக் கொண்டே அதனைச் செப்பனிட்டதாக அவர் பதிவு செய்துள்ளார். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் ஸ்கந்தகுப்தர் காலத்தில் கரை மறுபடியும் உடைந்தது, மறுபடியும் கட்டப்பட்டது. அச்செய்தியும் அதே பாறையில் உள்ளது. ஏரி இன்று இல்லை. வழிப்போக்கர்க்கு நீரும் நிழலும் அளிப்பது அறம் என்ற எண்ணம் மட்டும் மலை முழுவதும் தொடர்கிறது. தனித்து ஏறும் அடியவர், மேலே செல்லச் செல்ல இதனை அடிதோறும் உணர்வார்.

பாறையைக் கடந்து சென்றால் தாமோதர் குண்டம். ‘வைஷ்ணவ ஜனதோ’ என்ற பாடலை அருளிய நர்சி மேத்தா, ஜுனாகத்தில் வாழ்ந்தவர்; இத்தீர்த்தத்தில் நாள்தோறும் நீராடி வந்தவர் என்பது அந்நகர மக்கள் போற்றிக் காக்கும் வரலாறு. அதற்கும் அப்பால் பவநாதர் திருக்கோயில். மகா சிவராத்திரியை ஒட்டி இங்கே பெருந்திருவிழா நடைபெறும். அன்றிரவு நாகா சாதுக்கள் ஊர்வலமாக வந்து, கோயிலை அடுத்துள்ள மிருகி குண்டத்தில் நீராடுவர். மலை ஏறுபவர்கள் முதல் நாள் மாலையே பவநாதரைத் தரிசித்து, அடிவாரத்துச் சத்திரங்களில் தங்கிவிடுவது வழக்கம்.

மறுநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஏற்றம் தொடங்குகிறது. சௌராஷ்டிரத்து வெயில் கடுமையானது. கருங்கல் படிகள் சூடேறுவதற்குள் பாதி வழியைக் கடந்துவிட வேண்டும் என்பதே பெரியோர் சொல்லும் முறை. தனியே செல்பவர் இருளில் படிவழியை விட்டு விலகலாகாது. கிர்னார்க் காடு 2008-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சரணாலயம். உலகில் கிர் வனத்திலும் அதனைச் சூழ்ந்த சௌராஷ்டிரப் பகுதிகளிலும் மட்டுமே இயற்கையாக வாழும் ஆசியச் சிங்கங்கள் இம்மலைக் காட்டிலும் உலவுகின்றன, சிறுத்தைகளும் உண்டு. முன்னே பத்துப் படிகளும் பின்னே பத்துப் படிகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அந்நேரத்தில், வாயில் நாமமும் கையில் தடியுமே துணை.

இப்படிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தை ஆண்ட குமாரபாலரின் காலத்திலேயே இம்மலையில் படிவழி அமைக்கப்பட்டது. காலப்போக்கில் அது சிதைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜுனாகத் சமஸ்தானத்தில் லாட்டரிச் சீட்டு நடத்தி, அதில் சேர்ந்த பொருளைக் கொண்டு புதிதாகப் படிகள் கட்டும் பணி தொடங்கியது. சீட்டு வாங்கியவர்களுள் மலையேறும் எண்ணமே இல்லாதவர்களும் இருந்திருப்பர். பரிசை மட்டும் எண்ணி வாங்கியவர்களும் இருந்திருப்பர். அவர்கள் எந்த எண்ணத்தில் கொடுத்தாலும், கொடுத்தது கல்லாகி, இன்று நம் முதியோரின் பாதத்தைத் தாங்குகிறது.

இரண்டாயிரம் படிகளை நெருங்கும் அளவில் மாலி பரப் என்ற இடம் வருகிறது. ‘பரப்’ என்பது குஜராத்தி மொழியில் தண்ணீர்ப் பந்தலைக் குறிக்கும் சொல். ராமபிரான் சந்நிதி ஒன்றும் இங்கே உண்டு. சற்று மேலே, அரச போகத்தைத் துறந்து துறவு பூண்ட பர்த்ருஹரியின் பெயரால் வழங்கும் குகை இருக்கிறது. பட்டினத்தாரின் சீடராகத் தமிழகம் போற்றும் பத்திரகிரியாரின் கதையோடு இவர் கதையை இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

கீழ்வானம் வெளுக்கும் வேளையில் நான்காயிரம் படிகளை நெருங்கிவிட்டால், பளிங்கும் கருங்கல்லுமாகச் சமணக் கோயில்களின் கூட்டம் எதிர்ப்படும். 22-ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதருக்கு உரிய பெரிய கோயில் இங்கேதான் உள்ளது. மூலவர் கருநிறத் திருமேனியர். கண்ணபிரானின் யாதவ குலத்திலேயே பிறந்தவர் நேமிநாதர் என்கிறது சமண மரபு. தம் திருமண விருந்துக்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, மணக்கோலத்திலேயே திரும்பி, கிர்னாரில் தவம் செய்ய வந்துவிட்டார் அவர். மனிதர்க்கும் விலங்குகட்கும் ஒருசேர மருத்துவம் செய்வித்த சாசனம் அடிவாரத்தில் இருக்க, உயிர்க்கொலைக்கு அஞ்சி இல்லறத்தையே துறந்தவரின் ஆலயம் மலைமேல் இருக்கிறது.

மேலும் சுமார் ஆயிரம் படிகள் ஏறினால் அம்பாஜி சிகரம். இங்கே அம்பிகையின் கோயில். புதுமணத் தம்பதியர் இணைந்து வந்து, தங்கள் இல்லறம் நிலைக்க அன்னையை வேண்டிச் செல்லும் சந்நிதி இது. தனித்து ஏறும் முதியவருக்கு இங்கே நிற்கையில் தம் மணநாளும், உடன் வந்தவரும், சில வேளைகளில் உடன் வர இயலாமற் போனவரும் நினைவுக்கு வருவது இயல்பு. அன்னையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சிறிது நேரம் அமர்வது நல்லது. ஏனெனில், இந்த இடத்தில்தான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று, அடிவாரத்திலிருந்து அம்பாஜி வரை கம்பிவட ஊர்தி தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்து, ஐயாயிரம் படிகளின் உயரத்தை அது எட்டிவிடுகிறது. முழங்கால் வலியால் மலையை அண்ணாந்து பார்க்க மட்டுமே முடிந்த எத்தனையோ முதியோர், இதனால் அம்பிகையைக் கண்ணாரக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் ஊர்தி அத்துடன் நின்றுவிடும். தத்தாத்ரேயரைக் காண இன்னும் பாதி வழி மீதியிருக்கிறது. சிரமமின்றி மேலே வந்துவிட்ட உற்சாகத்தில், உடலின் நிலையை எண்ணாமல் முன்னே நடந்துவிடுபவர்கள், திரும்பும் ஏற்றத்தில் தவித்துப் போவதுண்டு. காற்று பலமாக வீசும் நேரங்களில் ஊர்தி நிறுத்தப்படும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நெஞ்சு படபடத்தாலோ, கால் நடுங்கினாலோ, அம்பாஜியோடு திரும்பிவிடுவதில் குறை ஒன்றும் இல்லை. அங்கிருந்தே தத்தர் சிகரத்தின் திசை நோக்கி வணங்கலாம். தாயிடம் வந்து சேர்ந்த பிள்ளையின் யாத்திரை பாதியில் நின்றதாக ஆகாது.

உடல் இடம் கொடுப்பவர்கள் மேலே செல்கின்றனர். அடுத்தது கோரக்நாதர் சிகரம். நாத சித்தர்களின் குருவான இவர் தவம் செய்த இடமாக இதனைக் கருதி, அக்கினிக் குண்டமாகிய துனியை இங்கே வழிபடுகின்றனர். தமிழகச் சித்தர் மரபில் கோரக்கர் என்று போற்றப்படுபவர் இவரே என்பது பலரும் கொண்டிருக்கும் கருத்து. நாகப்பட்டினத்தை அடுத்த வடக்குப் பொய்கைநல்லூரில் கோரக்கர் ஜீவசமாதியை வணங்கியவர்களுக்கு, இச்சிகரம் அந்நிய இடமாகத் தோன்றாது.

மிக உயர்ந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று எண்ணும் அடியவரின் கண்ணெதிரே, செங்குத்தாக இறங்கும் படிகளும், அவற்றுக்கு அப்பால் தனித்துக் கூம்பி நிற்கும் மற்றொரு சிகரமும் தெரியும். ஏறியதில் ஒரு பகுதியை இழந்துதான் குருவின் சந்நிதிக்குச் செல்ல முடியும். நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும்; மீண்டும் ஏற வேண்டும். திரும்புகையில் இதே இறக்கம் ஏற்றமாகக் காத்திருக்கும். கிர்னார் யாத்திரையில் மிகுந்த பொறுமை வேண்டியது இந்த இடத்தில்தான். சிகரத்தின் இருபுறமும் பள்ளம். காற்றோ ஆடையைப் பிடித்து இழுக்கும். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக, குரு நாமத்தோடு ஏறுகின்றனர்.

தத்தாத்ரேயர் சந்நிதி மிகச் சிறியது. சிலர் மட்டுமே ஒரே நேரத்தில் உள்ளே நிற்கலாம். அங்கே பாறையில் பதிந்த திருப்பாதங்களே பிரதானம். சமணர்கள் இவற்றை நேமிநாதரின் பாதங்களாகவும், இச்சிகரத்தை அவர் முக்தி பெற்ற இடமாகவும் வணங்குகின்றனர். அத்திரி மகரிஷிக்கும் அனசூயா தேவிக்கும் மும்மூர்த்திகளின் அம்சமாக அவதரித்தவர் தத்தர். சுசீந்திரத்தில் மும்மூர்த்திகளும் ஒரே திருவுருவாய் நிற்கும் தாணுமாலயனைத் தரிசித்தவர்களுக்கு, அனசூயையின் கற்பின் மாண்பைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அந்த அன்னையின் புதல்வரே இங்கே மலைமுடியில் வீற்றிருக்கிறார்.

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில், யது மன்னன் காட்டில் அவதூதர் ஒருவரைச் சந்திக்கிறான். எதுவும் இல்லாமல் எப்படி இவ்வளவு ஆனந்தமாக இருக்கிறீர் என்று வினவுகிறான். தமக்கு 24 குருமார்கள் உண்டு என்று கூறி, பூமி, காற்று, நீர், சூரியன், தேனீ, சிலந்தி என்று ஒவ்வொன்றிடமும் தாம் கற்ற பாடத்தை அவதூதர் விளக்குகிறார். அந்த அவதூதர் தத்தாத்ரேயரே என்பது பெரியோர் கொள்கை. அந்த 24 குருமார்களுள் ஒருத்தி, ஓர் இளம்பெண். அவளைப் பெண்கேட்டு விருந்தினர் வந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர்களுக்கு உணவு சமைக்க அவள் தனியே நெல் குத்தத் தொடங்கினாள். கைநிறைய இருந்த சங்கு வளைகள் ஓசை எழுப்பின. வீட்டின் ஏழ்மையை அவ்வோசை காட்டிக்கொடுக்குமே என்று நாணி, ஒவ்வொன்றாக உடைத்துக் கைக்கு இரண்டாக வைத்தாள்; இரண்டும் உரசி ஒலித்தன. ஒற்றை வளை மட்டும் மிஞ்சியபோது ஓசை அடங்கியது. பலர் கூடினால் கலகம், இருவர் கூடினால் பேச்சு. ஆகவே அந்த ஒற்றை வளையைப் போலத் தனித்துத் திரிய வேண்டும் என்று கற்றதாக அவதூதர் கூறுகிறார்.

இம்மலையில் தனியே ஏறுபவர்கள் பலரும் இந்த ஒற்றை வளையை நினைத்தே வருகின்றனர். ஆயினும் அக்கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் தனித்திருந்தது தனக்காக அன்று. வந்தவர்களின் பசியை ஆற்றுவதற்காக. அவளுடைய தனிமையில் உலக்கையின் உழைப்பு இருந்தது. அதன் பயன் பிறருக்குப் போயிற்று. அதே அவதூதர், பூமியின் அங்கமான மலையிடமும் மரத்திடமும் கற்றதையும் சொல்கிறார்: பிறருக்காகவே வாழ்வது. பத்தாயிரம் படி ஏறி வந்த களைப்பில், காலடியில் இருக்கும் மலையே குருவாக நிற்பதை அடியவர் இங்கே உணர்கிறார். தத்தர் தனித்து இருந்தவர். ஆனால் 24 குருமார்களை வணங்கியவர்.

தரிசனம் முடித்து இறங்குகையில், வழி பிரிந்து கமண்டல குண்டத்துக்குச் செல்கிறது. தத்தர் தம் கமண்டலத்தை விடுக்க, அது வீழ்ந்த இடத்தில் நீரும் நெருப்பும் தோன்றின என்பது தல வரலாறு. இங்குள்ள துனியில் திங்கட்கிழமைதோறும் அரசங்கட்டைகளை அடுக்கி வைக்க, அவை தாமே பற்றிக்கொள்கின்றன என்பது அடியவர்களின் நம்பிக்கை. அன்றைய துனி தரிசனத்துக்காகவே மகாராஷ்டிரத்திலிருந்து தத்த பக்தர்கள் திரளாக வருகின்றனர். வருவோர் அனைவருக்கும், எந்த ஊர், எந்த மதம் என்று கேளாமல், இந்த ஆசிரமத்தில் அன்னதானம் நடைபெறுகிறது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஆட்களின் தோளிலும் தலையிலும் மலையேறி வந்தவை. காலை முதல் யாருடனும் பேசாமல் நடந்த அடியவர், முன்பின் அறியாதவர்களோடு தரையில் அமர்ந்து அந்தப் பிரசாதத்தை உண்கிறார். அசோகர் வெட்டுவித்த கிணறும், ருத்ரதாமன் கட்டிய கரையும், மாலி பரப்பின் குடிநீரும், இந்தக் கவளச் சோறும் ஒரே அறத்தின் தொடர்ச்சி என்பது அப்போது விளங்கும்.

திரும்பும் வழி எளிதன்று. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்றால், இறக்கத்தில் முழங்கால் நடுங்கும். ஆயிரக்கணக்கான படிகள் இறங்கும்போது உடலின் முழுப் பாரமும் மூட்டுகளில் விழுகிறது. கைத்தடி மிகவும் உதவும்; படிகளில் நேராக இறங்காமல் சற்றுச் சாய்வாக அடிவைத்து இறங்குவது நல்லது. நடக்க இயலாதவர்களுக்கு டோலி உண்டு. ஏறுபவரின் எடையை நிறுத்து, அதற்கேற்பக் கூலி பேசுவது இங்குள்ள வழக்கம். பிறர் தோளில் ஏறிச் செல்வதா என்று தயங்கும் முதியோர் உண்டு. அந்தத் தோளுக்கு அதுவே பிழைப்பு. பேசிய கூலியைக் குறைக்காமல், முகம் கோணாமல் கொடுப்பதும் யாத்திரையின் ஒரு பகுதியே.

குளிர்காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலையேற ஏற்ற பருவம். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி முதல் பௌர்ணமி வரை, மலையைச் சுற்றிக் காட்டு வழியே 36 கிலோமீட்டர் நடக்கும் ‘லீலி பரிக்ரமா’ நடைபெறும். அந்நாள்களில் கூட்டம் அளவு கடந்திருக்கும். இதயநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படிவழி புறப்படலாகாது. தனித்து ஏற விரும்பும் மூத்தோர், தாம் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் சொல்லிவிட்டு, மருந்தும் குடிநீரும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். தனிமை நல்லதுதான், தேடி வருவதற்கு ஒருவராவது அறிந்திருப்பது அதனினும் நல்லது.

உடல் இடம் தராதவர்கள் மனம் தளர வேண்டாம். அடிவாரத்தில் பவநாதரை வணங்கி, தாமோதர் குண்டத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, மலையேறும் ஒருவர் கையில் அன்னதானத்துக்கு இயன்றதைக் கொடுத்து அனுப்பலாம். படி கட்டியவர்களிலும், அதற்குப் பொருள் தந்தவர்களிலும் மலைமேல் போகாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கொடுத்ததன்மேல்தான் இன்றைக்கும் ஒவ்வோர் அடியவரும் கால் வைத்து ஏறி, தத்தரின் திருப்பாதத்தை அடைகிறார்.